மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை ஏன் திணறுகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “ஆபத்தா?” என்றுதான் முடிகின்றன. மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அந்தத் தொழில் பழக்கிவிட்டது. அதனால் “ஆபத்தா?” என்றால் “எவ்வளவு?” என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பை இயக்கினால் பக்கத்து அறையில் கைபேசி வீடியோ நின்று நின்று ஓடுகிறது. அடுப்பிலிருந்து கதிர்வீச்சு கசிகிறது என்றுதானே அர்த்தம்? – ஒரு வாசகி

கசிகிறது. அதை மறுக்கப் போவதில்லை. எவ்வளவு கசிகிறது என்று பார்த்துவிட்டு, பயப்படலாமா என்று பிறகு முடிவு செய்யலாம்.

அடுப்புக்குள் உருவாகும் நுண்ணலையின் திறன் சுமார் 700 முதல் 1,000 வாட். வைஃபை ரவுட்டர் வெளியே விடுவது பொதுவாக 0.1 வாட் அளவுதான். அதுவும் சுவர்களைத் தாண்டிக் கைபேசிக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். நன்றாக வேலை செய்யும் இணைப்புக்கே கிடைப்பது இவ்வளவுதான். இப்போது அடுப்பு தன் 1,000 வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 10 மில்லிவாட். எல்லாப் பக்கமும் பரவிப் போகும் 10 மில்லிவாட், நாலடி தள்ளி நிற்கிற ஆளின் உடம்பைச் சூடாக்கப் போதாது. கைபேசிக்கோ அது காதைப் பிளக்கும் இரைச்சல்.

சட்டம் அனுமதிக்கும் அளவையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிப்படி, அடுப்பு எவ்வளவு பழையதானாலும், அதன் மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி அளந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் விலகி நின்றாலே அது மளமளவென்று குறைந்துவிடும்.

சரி, இரண்டும் ஏன் மோதிக்கொள்கின்றன? அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். பழைய வைஃபை 2.4 முதல் 2.48 வரை. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகள் இரைச்சல் போட்டுக்கொள்ளட்டும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. பிறகு 1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், உரிமம் இல்லாமலே இங்கே தகவல் அனுப்பலாம், ஆனால் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வழிவிட்டது. 1997-ல் வந்த முதல் வைஃபை தரநிலை அந்த இலவச இடத்தில் வந்து உட்கார்ந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் வாடகையில்லாமல் குடிவந்தவர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்கிற கதைதான் இது.

தண்ணீர் மூலக்கூறு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் அதிரும், அதனால்தான் இந்த எண் என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு. சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் மிகத் தீவிரமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை. அங்கே வைத்தால் உணவின் மேல்பகுதியே எல்லாவற்றையும் விழுங்கிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பெரிய தொழிற்சாலை அடுப்புகள் பல 915 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அங்கேயும் தண்ணீர் சூடாகத்தான் செய்கிறது.

வீடியோ “நின்று நின்று” ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான கவனிப்பு. கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடுப்புகளில், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறைய பாதி நேரம்தான் வேலை செய்யும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. அதில் பாதி கத்தல், பாதி அமைதி. அந்த அமைதிக்குள் வைஃபை அள்ளியதை அனுப்பிவிடுகிறது. அதனால்தான் இணைப்பு அடியோடு அறுந்துபோகவில்லை.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோகத் தகட்டின் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அலையின் நீளம் 12 செ.மீ. அவ்வளவு சிறிய துளை வழியாக அது நுழைய முடியாது. வெளிச்சத்தின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பலரும் கவனிக்காதது கதவின் ஓரம். அங்கே சுமார் 3 செ.மீ. ஆழத்துக்கு, அதாவது அலைநீளத்தில் கால் பங்குக்கு, ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் போய்த் திரும்பும் அலை, இடுக்கு வழியாக வெளியேறப் பார்க்கும் அலையை அடைத்துவிடுகிறது. கதவு வளைந்துபோனால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். ஆகவே கீல் ஆடுகிற அடுப்பை ஓட்டாதீர்கள். நீங்களே கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இந்த அடுப்பில் நிஜமாகவே ஆபத்தான பொருள் அதுதான். அதைப் பற்றி மட்டும் யாரும் கடிதம் எழுதுவதில்லை!

வீடியோவுக்கு வழி: ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: அணைத்து வைத்த மைக்ரோவேவ் அடுப்புக்குள் கைபேசியை வைத்து மூடிவிட்டு, வேறு போனிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது! அப்படியென்றால் கதவு அலையைத் தடுக்கவில்லையே? – பள்ளி மாணவர் ஒருவர்

படித்ததை நம்பாமல் செய்து பார்த்தீர்களே, அது பிடித்திருக்கிறது. (அடுப்பைத் தவறியும் இயக்கிவிடாதீர்கள். போனும் போகும், அடுப்பும் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்வது உத்தமம்.)

கைபேசி பொல்லாத காது படைத்தது. ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கிடைத்தாலே அதற்கு மணி அடிக்கத் தெம்பு வந்துவிடும். வெளியே நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில், அடுப்பின் சுவர் அதைப் பத்தாயிரம் மடங்கு குறைத்தாலும் மிச்சம் போதும். தவிர, மேலே சொன்ன கதவோரப் பள்ளம் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கென்றே வெட்டியது. கைபேசி நிறுவனங்களின் அலைவரிசைகள் வேறு. ஆகவே மணி அடிப்பது கைபேசியின் திறமைக்குத்தான் சான்று, அடுப்பின் ஓட்டைக்கு இல்லை.

கேள்வி: போன் 80 சதவீதம் வரை வேகமாகச் சார்ஜ் ஆகிறது. அப்புறம் நத்தை. சார்ஜர் கோளாறா? மாதம் ஒருமுறை முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்கிறார்களே? – ஒரு வாசகர்

சார்ஜர் நன்றாகவே இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரியில் ஓர் எல்லைக்கோடு உண்டு. பெரும்பாலான வகைகளில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், சிலவற்றில் இன்னும் சற்று அதிகம். முதலில் சார்ஜர் நல்ல மின்னோட்டத்தைத் தள்ளுகிறது, செல்லின் வோல்ட் ஏறிக்கொண்டே வருகிறது. எல்லையைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்து நிறுத்திவிட வேண்டும். செல்லின் சொந்த வோல்ட் அந்த எல்லையை நெருங்க நெருங்க, தள்ளுவதற்கு இருக்கும் வித்தியாசம் சுருங்குகிறது. மின்னோட்டமும் கூடவே சுருங்குகிறது. கடைசிச் சில சதவீதம் ஊர்வது இதனால்தான்.

வோல்ட்டை இன்னும் ஏற்றி அவசரப்படுத்தினால் என்ன? உள்ளே கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார வேண்டிய லித்தியம், இடம் பிடிக்க நேரம் இல்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். மோசமான நிலையில் அது ஊசிபோல் வளர்ந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடும். குளிரில் உறைந்த போனை வேகமாகச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதும் இதே காரணத்தால்.

முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றும் வழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம். 1991-ல் சோனி லித்தியம் அயானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேட்டரி மாறியது, அறிவுரை மாறவில்லை. இந்த வகைக்கு 0 வரை இறக்குவதும் பிடிக்காது, 100-லேயே நாள் முழுக்கச் சூட்டில் வைத்திருப்பதும் பிடிக்காது. இரண்டில் சூடுதான் பெரிய எதிரி. சதவீதக் கணக்குக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் இருப்பது உருப்படியான காரியம்.

கேள்வி: பதிவு செய்த என் குரலைக் கேட்டால் யாரோ பேசுவதுபோல் கீச்சென்று இருக்கிறது. மைக் சரியில்லையா? – ஒரு வாசகி

மைக் சொல்வதுதான் ஊருக்குக் கேட்கிற குரல். நீங்கள் பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. அந்த வழியில் கனத்த ஒலிகள் தூக்கலாகக் கேட்கும். பதிவில் அந்தப் பங்கு இல்லை. உங்கள் நண்பர்கள் யாரும் அந்தக் கனத்த குரலைக் கேட்டதே கிடையாது.

கேள்வி: இணையம் இல்லாத காட்டுக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? செயற்கைக்கோள் என்னைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறதா? – மலையேறும் வாசகர்

செயற்கைக்கோளுக்கு நீங்கள் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், தான் யார், எங்கே இருக்கிறது, தன் கடிகாரத்தில் நேரம் என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கைபேசி கேட்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. 

அந்தச் செய்தி தரைக்கு வர சுமார் 0.07 விநாடி ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்று தெரிந்தால் தூரம் தெரியும். மூன்று தூரங்கள் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டியிருக்கிறது. ஏன்? ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடிவிடும். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், உங்கள் போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். போனின் கடிகாரத்தை நம்பி கணக்குப் போட்டால் ஆள் வேறு மாவட்டத்தில் நிற்பார். எனவே மூன்று திசைக்கு மூன்று, “என் கடிகாரம் எவ்வளவு தப்பு?” என்ற நான்காவது கேள்விக்கு இன்னொன்று.

அணுக் கடிகாரமும் சும்மா விட்டால் ஏமாற்றும். பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவு என்பதால், தரையில் இருப்பதைவிட நாளுக்கு சுமார் 45 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். செயற்கைக்கோள் விரைந்து செல்வதால் 7 மைக்ரோ விநாடி மெதுவாகும். மிச்சம் 38. மேலே சொன்ன 300 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள்: ஒரே நாளில் 11 கி.மீ. பிழை! அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸில் துடிக்க வேண்டிய கடிகாரத்தைத் தரையிலேயே ஓர் இம்மி மெதுவாக வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். சார்பியல் கொள்கை அன்றாட வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

காட்டுக்குள் வேலை செய்யும். இணையம் உதவுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, வரைபடப் படங்களை இறக்க. இரண்டு, சீக்கிரம் தொடங்க. செயற்கைக்கோள் தன் பாதை விவரங்களை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் சொல்கிறது. அதை முழுதாகக் கேட்க அரை நிமிடமாவது ஆகும். இணையம் இருந்தால் அந்த விவரம் உடனே வந்துவிடும். கிளம்பும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டு வெட்டவெளியில் ஒருமுறை நடந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் நீலப் புள்ளி நகரும்.

கண்காணிப்பு பற்றி: கண்டுபிடித்த இடத்தை வெளியே சொல்வது செயலிகள்தான். ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் பக்கத்துக் கோபுரங்கள், வைஃபை பெட்டிகள் ஆகியவற்றை வைத்து உங்கள் இடத்தை ஓரளவு ஊகித்துவிட முடியும்.

கேள்வி: எங்கள் சுவர்க் கடிகாரம் வெயில் காலத்திலும் பின்தங்குகிறது, குளிர் காலத்திலும் பின்தங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் ஒழுங்காக ஓடுகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? – ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்

இந்த முறை வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. தோற்றம் இல்லை, உண்மை.

கடிகாரத்துக்குள் இரட்டைக் கவட்டை வடிவில் வெட்டிய ஒரு குட்டிக் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விசித்திரமான எண்ணாகத் தெரியும். பாதி, பாதியில் பாதி என்று 15 முறை வகுத்துப் பாருங்கள், மிகச் சரியாக 1 வரும். அந்த 1-தான் விநாடி முள்ளின் ஒரு தாவல். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரானில் இது 8,192-ஆக இருந்தது. 32,768 மனிதக் காதுக்கு எட்டாத உயரம் என்பது இன்னொரு சௌகரியம்.

இந்தப் படிகத்தை 25 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சரியாக ஓடும்படி வெட்டுகிறார்கள். அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். இரண்டு பக்கமும் சரிவுதான், வேகமாகும் பக்கம் என்று ஒன்றில்லை. வித்தியாசம் 15 டிகிரி என்றால் நாளுக்கு அரை விநாடிக்குச் சற்று மேல், மாதத்துக்கு 20 விநாடி. நீங்கள் கண்டது இந்த அளவில் இருந்தால் படிகத்தின் குணம், விட்டுவிடுங்கள். மாதம் சில நிமிடங்கள் பின்தங்கினால் பேட்டரியையோ பல்சக்கரத்தையோதான் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி ஓய்ந்த கடிகாரத்தில் விநாடி முள் பெரும்பாலும் 9-க்குப் பக்கத்தில் நின்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முள் படுக்கையாக இருந்து மேலே ஏற வேண்டிய இடம் அது, அங்கேதான் அதிகத் தெம்பு வேண்டும்.

கேள்வி: வெளியே போகும்போது மின்விசிறியை ஓடவிட்டுப் போனால் அறை குளிர்ந்து இருக்குமா? – ஒரு வாசகி

இருக்காது. இழுக்கிற 50, 70 வாட்டும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்ளேயே சேரும். விசிறி குளிர்விப்பது வியர்க்கும் உடம்பை, அறையை அல்ல. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அதே பதில், இன்னும் மோசமாக: உள்ளே எடுத்த வெப்பத்தோடு மோட்டாரின் வெப்பமும் பின்பக்கமாக அதே அறைக்குத்தான் வருகிறது.

கேள்வி: ஓரம் கிழிந்த க்யூஆர் குறியீடுகூட வேலை செய்கிறதே! அப்படியானால் பேனாவால் நாலு கட்டத்தைக் கறுப்பாக்கி நம் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிட முடியுமா? – கடை நடத்தும் வாசகர்

பேனாவால் முடிவது மிகக் கடினம். 1994-ல் டென்ஸோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கியது. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்று தெரிந்தே செய்தார்கள். உள்ளே தகவலோடு, அந்தத் தகவலிலிருந்து கணக்கிட்ட உபரி எண்களும் கலந்திருக்கும். 1960-ல் ரீடும் சாலமனும் கொடுத்த கணிதம் அது. குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியது இதன் உபயத்தால்தான். நான்கு தரங்கள் உண்டு: சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீட்டுக்கொள்ளும். நீங்கள் கறுப்பாக்கிய நாலு கட்டத்தை அது ஓர் அழுக்காகவே எடுத்துக்கொண்டு பழையபடி திருத்திவிடும். மூன்று மூலைச் சதுரங்களில் ஒன்று போனால் மட்டும் கஷ்டம். குறியீடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமரா கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான்.

ஆனால் பேனா எதற்கு? வேறொரு குறியீட்டை அச்சடித்து உங்களுடையதன் மேல் ஒட்டிவிட்டால் போதுமே. எந்தக் கணிதமும் அதைப் பிடிக்காது, ஒட்டப்பட்டதும் முறையான குறியீடுதான். கடை திறந்ததும் அட்டையின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். வாடிக்கையாளரையும் திரையில் வரும் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.